கவ்ரோனின் பித்தளை வில்லை

லுத்விக் கவ்ரோனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் நிலக்கரி ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆள் என்னவோ இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். நிலைப்படியில் நெற்றி இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. ஆனால் லிஃப்டில் ஏறச் சொன்னால் கைகால் உதறும். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உருளைக்கிழங்கை நிலவறையிலிருந்து எடுத்து வர, மனைவி போஜேனாதான் மெழுகுவர்த்தியோடு இறங்கவேண்டும்.

"உன் உயரத்துக்குப் பாதி பயம் இருந்தாப் போதாதா லூதெக்? முழுசா வேணுமா?" என்பாள். லூதெக் என்பது அவனுடைய செல்லப்பெயர்.

அவன் சிரித்துவைப்பான். சின்ன வயதில் கிராமத்து நிலவறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டு, ஒரு பகல் முழுக்க இருட்டில் அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அந்தக் கதையை அவன் போஜேனாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சர்க்கார் காகிதத்தில் இந்த லுத்விக் ஒரு சுரங்கத் தொழிலாளி. பூமிக்கு அடியில் கரி அள்ளிப்போடுகிறவன்.

அதற்குக் காரணம் எங்கள் 'கார்போன்' கூடைப்பந்துக் கிளப். போர் முடிந்து, கிழக்கிலிருந்து ரயில் ரயிலாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஜனங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் முகம் ஒருவர் அறியாமல் கிடந்த காலத்தில், யாரோ ஒருவர் சுரங்க விளக்குகள் வைக்கும் அறையின் சுவரில் பீப்பாய் வளையம் ஒன்றை ஆணியடித்தார். வேலை முடிந்து வந்தவர்கள் கரிமுகத்தைக்கூடக் கழுவாமல் பந்தைப் போட்டார்கள். அப்படிப் பிறந்த கிளப் அது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் உழைத்து அரங்கம் கட்டினார்கள். இரண்டாம் டிவிஷன் வந்தது, முதல் டிவிஷனும் வந்தது. முதல் டிவிஷனில் களைத்துப்போன சுரங்கக்காரர்களை வைத்து ஜெயிக்க முடியுமா? வெளியூர் ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்தார்கள். விளையாட்டுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் ஒருவனைத் தச்சன் என்று எழுதினார்கள், இன்னொருவனை எலக்ட்ரீஷியன் என்று. எவனும் உளியைத் தொட்டதில்லை. நாட்டில் பல ஊர்களிலும் நடந்த கூத்துதான் இது.

லுத்விக்தான் அதிகப் புள்ளி எடுப்பவன். அடியில் வேலை என்றால் சம்பளம் கூடுதல், எனவே அவனை மட்டும் அடியில் இறக்கினார்கள், காகிதத்தில். குளியலறை வைத்த வீடும் கிடைத்தது.

காகிதம் மட்டும் போதாது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது அதை ஜன்னலில் கொடுத்தால், வில்லைக்காரர் அலோய்ஸி குப்கா கறுப்புப் பலகையில் மாட்டுவார். ஏறி வந்ததும் எடுத்துக் கொடுப்பார். கறுப்புப் பலகையில் யார் வில்லை தொங்குகிறதோ அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். குப்காவுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். தினமும் காலையில் லுத்விக்கின் வில்லையைத் தானே மாட்டி, ஷிஃப்ட் முடிந்ததும் தானே எடுத்துவிடுவார். லுத்விக் தன் வில்லையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நவம்பர் மாதம் ஒருநாள் காலை. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. பந்து தானாக உருண்டு சுவரோரம் போய் நின்றது. எங்கள் ஊரில் அந்தச் சங்கு விடாமல் ஊதினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள்.

கிழக்குப் பகுதியில் கூரை சரிந்து வாயு பரவிவிட்டது என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குப்கா தொப்பிகூட இல்லாமல் அரங்கத்துக்குள் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"லூதெக், உன் வில்லை பலகையிலயே தொங்குதுடா! எடுக்கப்போனேன், மீட்புக்காரன் கையத் தட்டிவிட்டுட்டான். பலகைக்குக் காவல் போட்டாச்சு. உள்ள மாட்டின மூணு பேரையும் உயிரோட தூக்கிட்டு வந்துட்டாங்க. இப்ப ஒரே ஒரு வில்லைதான் பாக்கி. உன்னைத் தேடிக்கிட்டு மீட்புக்குழுத் தலைவன் கிந்தெர் ஆளுங்களோட உள்ள போயிருக்கான்."

லுத்விக் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். "நீங்க சொல்லவேண்டியதுதானே, அவன் உள்ள இல்லைன்னு?"

"சொன்னா என்னை ஜெயில்ல தள்ளிடுவாங்கப்பா. பென்ஷன் வாங்கப்போற காலத்துல..." என்று குப்கா அழுதேவிட்டார்.

கிளப் தலைவர் வோய்தோன் அவர்களைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சுரங்கத்தின் துணை இயக்குநரும் அவர்தான். "யாரும் வாயைத் திறக்கக்கூடாது. தேடித் தேடிச் சலிச்சு அவங்களே திரும்பிடுவாங்க. சாயங்காலமா நான் பேசிச் சரிபண்ணிக்கிறேன்."

"கூரை இன்னும் விழுந்துக்கிட்டு இருக்காம், தலைவரே" என்றான் லுத்விக்.

"அது அவங்க தொழில். உன் தொழில் சனிக்கிழமை ஆட்டம். விஷயம் வெளிய வந்தா கிளப் காலி, உன் வீடு காலி. வேலை செய்யாமச் சம்பளம் வாங்கினவனுக்கு ஜெயில்தான். அங்க உன் உயரத்துக்குக் காலை நீட்டக்கூட இடமிருக்காது, தெரிஞ்சுக்கோ."

ஜெயில் என்றதும் லுத்விக்கின் கண்முன் ஜன்னலில்லாத அறை ஒன்று வந்து நின்றது. உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். கோட்டை மாட்டினான். ஜெயில் ஞாபகம் வந்தது, கழற்றினான். மறுபடி மாட்டினான். கிந்தெரை அவனுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைதோறும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, "கவ்ரோன்! கூடையில போடுடா, என் தலையில போடாத!" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன். அந்தத் தொண்டை இப்போது இருட்டில் அதே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பதிலுக்கு யாரும் இல்லாத அந்த இருட்டை லுத்விக் அறிவான். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான். அப்புறம்தான் எழுந்து போனான்.

சுரங்க வாசலில் பனித்தூறலில் பெண்கள் நின்றிருந்தார்கள். கிந்தெரின் மனைவி ஹில்தா முன்னால் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். லுத்விக் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு மீட்டரை எங்கே ஒளிப்பது?

"அந்த நெட்டைப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கங்கடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே ஹில்தா நிமிர்ந்தாள். ஜெபமாலை நின்றது.

"நீ... நீ மேல வந்துட்டியா தம்பி? எப்ப வந்த?"

ஒரு பொய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆமாம், இப்போதுதான் வந்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தம்மாவின் முகத்தில் அவனைக் கண்ட சந்தோஷம் நிஜமாகவே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"நான் உள்ளயே போகலம்மா. ஒருநாளும் போனதில்ல."

அடிப்பாள் என்று லுத்விக் கண்ணை மூடிக்கொண்டான். ஹில்தா அடிக்கவில்லை. அவன் சட்டைக்கையைக் கொத்தாகப் பிடித்து, காவல்காரனைத் தள்ளிவிட்டு, டெலிபோன் அறைவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். "ஆளு இங்க இருக்கான்! என் வீட்டுக்காரரைத் திரும்பச் சொல்லுங்க! உள்ள யாருமே இல்ல!"

சுரங்கத்தின் அடியில் டெலிபோன் மணி அடித்தது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் ஒரு பாறை பெயர்ந்து கிந்தெரின் தம்பி எரிக்கின் மேல் விழுந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. இடுப்பு நொறுங்கிவிட்டது. கோட்டைப் போட்டும் கழற்றியும் தான் கழித்த நேரம் எவ்வளவு என்று லுத்விக் பிற்பாடு நினைத்துப் பார்க்காத நாளில்லை.

கிந்தெர் கடைசியாக வெளியே வந்தான். லுத்விக்கைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் போனான். ஏதாவது திட்டியிருந்தால்கூட லுத்விக்குக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

விசாரணை நடந்தது. வோய்தோன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த மாதிரி ஆட்கள் கீழே விழுவதே இல்லை, இடம்தான் மாறுவார்கள். குப்காவுக்கு வேலை போயிற்று. தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் மூட்டை கட்டினார்கள். கார்போன் அந்த வருஷமே கீழ் டிவிஷனுக்கு இறங்கி, மறுபடி கரிமுகத்தோடு வருகிற பையன்களை வைத்து ஆடியது. லுத்விக்கிடம், கிராமத்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்று போஜேனா சொன்னாள். அவன் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காகத் தன் மேலிருந்த வழக்கைக் கைவிட்ட அதிகாரியிடம் போய், தன்னை நிஜமாகவே அடியில் இறக்கச் சொன்னான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நிலவறைக்கே போகமாட்டியேடா!" என்றாள் போஜேனா.

"என் வில்லை இத்தனை வருஷம் தனியாப் போயிட்டு வந்துச்சு" என்றான் அவன்.

மூடியிருந்த கிழக்குப் பகுதியைத் திறந்த அன்று, முதல் தடவையாகத் தன் வில்லையைக் கையில் வாங்கினான். சில்லென்று இருந்தது. அதைத் திருப்பி ஜன்னலில் வைத்தபோது வில்லை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. சுரங்க லிஃப்டின் கூண்டு இறங்குகையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, யாருடைய பெல்ட்டையோ பிடித்துக்கொண்டான்.

"குனிஞ்சுக்கோ ஒட்டகச்சிவிங்கி, இங்க கூடையெல்லாம் முழங்கால் உயரத்துலதான்" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். அவன் பெல்ட்டை விடவில்லை.

கீழே கிந்தெர் காத்திருந்தான். விளக்கைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தான். கூரை தாழ்ந்துகொண்டே போயிற்று. லுத்விக் பாதியாக மடிந்து, கடைசியில் தவழ்ந்தே போனான். புதுக் கட்டைகள் முட்டுக்கொடுத்த ஓரிடத்தில் கிந்தெர் நின்றான்.

"இங்கதான் நின்னேன். குழாயில தட்டிட்டு உன் பேரைக் கூப்பிட்டேன். உள்ள எங்கயோ தண்ணி சொட்டுச்சு. நீதான் பதிலுக்குத் தட்டுறன்னு நினைச்சேன். அதனாலதான் எரிக்கை இன்னும் உள்ள கூட்டிட்டுப் போனேன்."

லுத்விக்குக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அந்த வார்த்தை எரிக்கின் இடுப்புக்கு முன்னால் அற்பமாகத் தெரிந்தது. "எனக்குப் பயமாயிருக்கு அண்ணே" என்றுதான் வந்தது.

"எனக்குந்தான். அன்னிக்கும் பயந்தான்."

சொல்லிவிட்டுக் கிந்தெர் வளைவைத் தாண்டிப் போனான். அவனோடு அவன் வெளிச்சமும் போயிற்று. லுத்விக்கின் விளக்குக்கு எதிரே கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி ஓடிவிடலாம் என்று முழங்கால் பின்னுக்கு நகர்ந்தது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து, மூன்றாவது வரிசையிலிருந்து கத்துகிற அதே தொண்டை, "கவ்ரோன்!" என்று கூப்பிட்டது.

பின்னுக்கு நகர்ந்த முழங்கால் நின்றது.

"கவ்ரோன்!"

"இருக்கேன்!" என்று லுத்விக் கத்தினான். அழுகையும் பயமும் சேர்ந்து குரல் பிளந்து வந்தது. "அண்ணே, இங்க இருக்கேன்! உள்ளதான் இருக்கேன்!"

உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது.

"சரி, அங்க ஒரு மண்வாரி சாத்தியிருக்கும் பாரு" என்றான் கிந்தெர். "எடுத்துக்கிட்டு வா."