பச்சைச் சுவர் குடித்த தண்ணீர்

சுப்புத்தாய்க்கு வயது அறுபத்திரண்டு. விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து, படுத்த நோயாளிகளைப் புரட்டிப் போட்டே தோள்பட்டை தேய்ந்தவள். ஓய்வுபெற்ற மறுமாதம் கணவர் முனியராஜ் பக்கவாதத்தில் விழுந்தார். "நான் சும்மா இருக்கிறது இந்த மனுசனுக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு அவரையும் புரட்டத் தொடங்கினாள்.

இரண்டு வருடத்தில் அவர் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. தினமும் குளியல், உலர்ந்த துணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றல். அதற்கு ஒரு நாளைக்கு ஆறு குடம் வேண்டும். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் வருவதைத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்துவைத்துச் சமாளித்தாள்.

அவள் ஊர், திருத்தங்கல் பக்கத்தில், பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஒரு நகராட்சி. நீடித்த வளர்ச்சிக்கு விருது வாங்கும் ஆசை அதற்கு வந்தது. முதலில் ஆபீஸ் முகப்பில் பச்சைச் சுவர் எழுப்பினார்கள். தரையிலிருந்து மாடிவரை சின்னச் சின்னத் தொட்டிகளில் செடி. கரிசல் வெயிலில் அது குடிக்கிற தண்ணீரில் நாலு தெரு குளிக்கலாம். அடுத்தது தண்ணீர்க் காலண்டர். எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று நீலச் சொட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு மாட்டும் திட்டம். அதற்காகப் பழைய எட்டு நாள் முறையைத் தீர்மானம் போட்டு ரத்து செய்தார்கள்.

ஆர்டர் கொடுத்த மாதம் ஆடி. அங்கேதான் தப்பு. ஆடி பதினெட்டு வந்தால் அந்தப் பக்கத்து அச்சகங்களில் அடுத்த வருடக் காலண்டர் ஓடத் தொடங்கி, புது வருடமே பிறந்துவிடும். நடப்பு வருடத்துக்குக் காலண்டர் கேட்பவனை அங்கே யாரும் கண்டதில்லை. அச்சகக்காரர் கைப்பழக்கத்தில் அடுத்த வருடத்துக்கே அடித்து அனுப்பினார். பிரித்துப் பார்த்தவர்களும் அதே ஊர்க்காரர்கள். ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

ஆக, பழைய முறை ரத்து. புதிய முறை ஜனவரியில். நடுவில் முறையே கிடையாது.

கடைசியாகத் தண்ணீர் வந்த பதினோராம் நாள் சுப்புத்தாய் வீட்டுத் தொட்டி காய்ந்தது. முனியராஜின் இடுப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் குழி விழும் என்று அவளுக்குத் தெரியும். நகராட்சியில் வால்வு திறக்கும் பெத்தணனைத் தெருமுனையில் மறித்தாள்.

"ஏலே பெத்தணா, கையில சாவி இருக்கு. தண்ணி எங்கலே?"

"என்னைய ஏன் ஏசுறீக சித்தி? காயிதம் இல்லாமத் திறந்தா மெமோ குடுத்துருவாக. சொவத்துக்கு மட்டும் தினமும் விடச் சொல்லியிருக்காக."

"சொவரு குளிக்குது, மனுசன் நாறுறான். நல்லாருக்குலே ஒங்க நாயம்."

நேரே பொறியாளர் பிரபாகரனிடம் போனாள்.

"வாங்கம்மா. காலண்டர் வந்துச்சுல்ல? ஒங்க தெருவுக்கு மூணாம் தேதி சொட்டு இருக்கே."

"அது அடுத்த வருசம் மூணாந்தேதி சார்."

அவர் அப்போதுதான் சுவரில் மாட்டிய காலண்டரில் வருடத்தைப் பார்த்தார்.

"தொலைநோக்குத் திட்டம்மா," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு விருதுக் குழு வருது. முடியட்டும், கூட்டம் போட்டுப் பேசுவோம்."

மறுநாள் ஒன்பதரைக்கு, பக்கத்து வீட்டுக் காளிராஜின் லோடு ஆட்டோ பச்சைச் சுவரின் கீழே நின்றது.

"பட்டாசுப் பெட்டி இறக்குற மாதிரி பைய இறக்குலே," என்றாள் சுப்புத்தாய். பிளாஸ்டிக் நாற்காலியில் முனியராஜை வேட்டியோடு உட்கார வைத்து, சுவருக்கு வரும் குழாயைத் திறந்தாள்.

"ஏ சுப்பு, ஆபீஸ் வாசல்ல வெக்கமா இருக்கு."

"புண்ணு வந்தா வெக்கப்பட ஒடம்பு இருக்காது. கையத் தூக்குங்க."

சோப்புப் போட்டு முடிப்பதற்குள் குழு வந்து இறங்கியது. குழுவின் தலைவியம்மா நின்று, "இது என்ன?" என்று கேட்டார்.

பிரபாகரனுக்கு முகம் வெளுத்தாலும் மூளை வெளுக்கவில்லை. "மறுபயன்பாடு மேடம். குளிச்ச தண்ணி நேரா செடிக்கு. மக்கள் பங்களிப்பு."

தலைவி சுப்புத்தாயிடம் திரும்பினார். "தினமும் இப்படியாம்மா?"

ஒரு வார்த்தையில் விருதைக் கவிழ்க்கலாம். கவிழ்த்தால் இடுப்புக்கு என்ன லாபம்? அவள் துண்டைப் பிழிந்தாள்.

"தெருவே செய்யும்மா. வீட்டுல குளிச்ச தண்ணிய டிரம்முல கொண்டாந்து இங்கன ஊத்துவோம். தெருவுக்குத் தண்ணி வந்தா."

"நாளையிலேர்ந்து ஒண்ணுவிட்டு ஒரு நாள் வருது மேடம்," என்றார் பிரபாகரன் அவசரமாக. தலைவி அதைக் குறித்துக்கொண்டார்.

விருது கிடைத்தது. 'குளியல் நீர்ச் சுழற்சித் திட்டம்' என்று பாராட்டுப் பத்திரத்தில் தனியே ஒரு பத்தி. சோப்புத் தண்ணீரில் பாதிச் செடி செத்தது; மறுபடி பார்க்க யாரும் வரவில்லை. முனியராஜின் இடுப்புச் சிவப்பு ஒன்பது நாளில் மறைந்தது.

ஜனவரி பிறந்ததும் பெத்தணன் சாவியோடு வாசலில் நின்றான்.

"சித்தி, திட்டத்துப்படி ஒண்ணுவிட்டு ஒரு நாள் திறக்கவா, காலண்டர்படி திறக்கவா? காலண்டர்ல எட்டு நாளைக்கு ஒரு சொட்டுதான் போட்டிருக்கு."

"எந்தக் காலண்டர்லே?" என்று கேட்டு, சுப்புத்தாய் கணவருக்கு விசிறிக்கொண்டிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள். தாளெல்லாம் எப்போதோ கிழித்தாகிவிட்டது. அட்டை மட்டும் நல்ல கனம்.