மலைக்கு நேர்ந்த முடி

திருத்தணி ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அந்த எழுபதுகளில் எனக்குக் காலண்டரே தேவைப்படவில்லை. வார்டுக்கு வருகிற விஷத்தை வைத்தே மாதம் சொல்லிவிடுவேன். கோடையில், தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகள். மழைக்குப் பிறகு பாம்புக்கடி. நெல்லுக்கு மருந்தடிக்கும் காலத்தில், காற்றுக்கு எதிரே நின்று அடித்துவிட்டு வாயில் நுரையோடு வருகிற ஆண்கள். பிள்ளைகள் பெரும்பாலும் மறுநாளே கட்டிலுக்குக் கட்டில் தாவுவார்கள். பூச்சி மருந்துக்காரர்களைத்தான் நம்ப முடியாது. எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்கள், மறுபடி சாய்ந்துவிடுவார்கள். பிழைக்காதவர்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பிழைத்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. கே.ஜி.கண்டிகைப் பக்கமிருந்து ஓர் இளம்பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கடைவாயில் எச்சில், கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன. அவளுடைய கைக்குழந்தை மாமியார் இடுப்பில் அழுதுகொண்டிருந்தது.

"எதுவும் குடிக்கலீங்க, நர்சம்மா. தலைக்குத்தான் தடவினோம்" என்றாள் மாமியார்.

"எதைத் தடவினீங்க?"

"வயலுக்கு அடிக்கிற மருந்துங்க. பேன் போவட்டும்னு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உங்க ஊர்ல பேன் சீப்பே கெடைக்கலையாம்மா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"கொழந்த பொறந்தா முடி தர்றேன்னு மலைக்கு நேர்ந்துகினு இருக்கா. சாமிக்குக் குடுக்கிற முடிய பேனோட எப்படிங்க குடுக்கிறது?"

பக்திக்குக் குறைவில்லை. புத்திதான் கொஞ்சம் வழிதவறிவிட்டது.

டாக்டர் ஊசிமேல் ஊசி போட்டார். நான் சோப்புப் போட்டுத் தலையைத் தேய்த்துக் கழுவினேன். இடுப்புக்குக் கீழே இறங்கிய அடர்த்தியான முடி. கண்மணி விரிந்தது, அவளும் கண் திறந்து குழந்தையைத் தேடினாள். அப்பாடா என்று நிமிர்ந்தேன். மத்தியானத்துக்குள் மறுபடி வியர்த்துக் கொட்டியது, மூச்சு இரைத்தது.

"மருந்து இன்னும் முடியில ஊறிக் கெடக்கு. எவ்வளவு ஊசி போட்டாலும் உள்ள எறங்கிக்கிட்டேதான் இருக்கும். உடனே மொட்டையடிக்கணும்" என்றார் டாக்டர்.

மாமியார் கட்டிலின் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "மலைமேல எடுக்க வேண்டிய முடிய கீழ எடுத்தா கொழந்தைக்கு ஆவாதுங்க." வண்டி ஓட்டிவந்த மகன்காரன், அந்தப் பெண்ணின் புருஷன், அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இப்படி இழுத்துக்கொண்டே போய்க் கைநழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கத்தினால் நடக்காது என்று தெரிந்தது. "அம்மா, இந்தக் கொழந்தைக்கு அவ வேணுமா, அவ முடி வேணுமா? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பிறகு விலகி நின்றாள்.

"ஆங், எடுத்துடுங்க. மேல இருக்கிறவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மழித்து எடுத்த முடியையாவது மலைக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். விஷம் தோய்ந்ததை யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்தோம். அதன்பிறகு போட்ட ஊசி நின்று வேலை செய்தது. சில நாளில் அந்தப் பெண் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து இட்லி கேட்டாள். அந்த இட்லியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம், என் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

கிருத்திகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அந்தக் குடும்பம் என்னைத் தேடி வந்தது. மருமகளுக்கு முள்முள்ளாக முடி முளைத்திருந்தது, இடுப்பில் குழந்தை. அவள் பக்கத்தில் மாமியார், தலை முழுக்கச் சந்தனம், ஒரு முடி இல்லை.

"நேர்ந்தது மருமகதானே, நீங்க ஏம்மா மொட்டை போட்டீங்க?" என்றேன்.

"நான் பேசிக்கிறேன்னு சொன்னேனே நர்சம்மா, வெறுங்கையோட போய்ப் பேசினா கேப்பாரா?"

அவள் குனிந்து சந்தனத் தலையை என்னிடம் காட்டிச் சிரித்தாள்.

"பேன் சீப்பு போட்டு வாரிட்டுத்தான் மலை ஏறினேன், திட்டாதீங்க."