ரெகுலா விற்ற பச்சை

தன் வண்ணக் கடைக்குக் காவிப்பொடி மூட்டை வந்து இறங்கினால் ரெகுலா முதலில் அதைக் கடித்துத்தான் பார்ப்பாள். ஒரு சிட்டிகையை முன்பற்களுக்கிடையில் வைத்து மெல்ல அரைப்பாள். நறநறத்தால் மூட்டை வந்த வழியே திரும்பிப் போகும். "மணல் அள்ளுறதுக்கு ஆத்தங்கரை இருக்கே, என் கடை எதுக்கு?" என்பாள், பல்லெல்லாம் சிவப்பாக. பச்சையையும் வெள்ளையையும் மட்டும் வாயருகே கொண்டுபோக மாட்டாள். பச்சைகள் சிலவற்றில் பாஷாணம், வெள்ளையில் ஈயம்.

அந்த ஈய வெள்ளைதான் அவள் கணவன் யாக்கோபின் வயிற்றைத் தின்றது. சூரிச்சில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் அவன் எழுதியவை. அவன் போய்ப் பதினோரு வருடமாகிறது. வெள்ளையை அவள் இன்னும் விற்கிறாள். பொட்டலத்தைக் கையில் கொடுத்தபின் சட்டென்று விடமாட்டாள். "கையக் கழுவிட்டுத்தான் ரொட்டியத் தொடணும். காதுல விழுந்துதா?" பள்ளிப் பிள்ளைக்கும் அதுதான், ஓவியப் பேராசிரியருக்கும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிப் படகில் ஏறுவாள். கடைசித் துறை வரை போவாள், இறங்காமல் அதே இருக்கையில் திரும்பி வருவாள். சீட்டுக் கிழிப்பவர் ஒருநாள், "யாரையாவது பாக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "தண்ணியத்தான்" என்றாள். அதன்பின் அவரும் கேட்பதில்லை.

டாக்டர் மெய்லி அவளிடம் வண்ணம் வாங்கத் தொடங்கியது 1914-இல், போர் ஆரம்பித்த குளிர்காலத்தில். மனநோய் வைத்தியத்தில் பெரிய பெயர். அந்த வருடம்தான் பல்கலைக்கழக வேலையை விட்டிருந்தார். கூட இருந்தவர்கள் அவரை விட்டிருந்தார்கள். வரைந்து பழகிய ஆள் அவரல்ல என்பது தூரிகையைப் பிடித்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. என்ன வரைகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, ஒருநாள் துணியில் சுற்றிய பெரிய தோல் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

"தினமும் கண்ணை மூடிட்டு உக்கார்றேன். உள்ளேருந்து ஆளுங்க வர்றாங்க, பேசறாங்க. அதையெல்லாம் இதுல எழுதி, வரைஞ்சு வைக்கிறேன். இந்தப் பக்கத்துல மட்டும் வண்ணம் உரியுது."

அந்தப் பக்கத்தில் ஓர் ஆழமான கிணறு. அடியில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்திருந்தான். மேலே வட்டமாக வானம். அதில் நட்சத்திரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு மீன். தன் ஞாயிற்றுக்கிழமையை யாரோ வரைந்து வைத்ததுபோல் ரெகுலாவுக்கு இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கலந்த பிசின் அதிகம் டாக்டர். அதான் வெடிச்சிருக்கு" என்றாள்.

அவர் வெகுநேரம் சிரித்தார். "இதைப் பாத்துட்டு எனக்கு ஒரு வியாதி பேர் சொல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

இந்த வருடம் மார்ச்சில், மழை விடாத ஒரு பிற்பகல், நல்ல கம்பளி மேலங்கி போட்ட ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பையிலிருந்து ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கைப்பட்டியைக் காட்டினாள்.

"இந்த நீலம் போகவே மாட்டேங்குது."

"சுடுதண்ணி போட்டிருப்பீங்க. பச்சத்தண்ணியில ஊற வைங்க." ரெகுலா அவள் முகத்தைப் பார்த்தாள். நீலம் அவள் கடையின் நீலம்; அதை வாங்குகிறவர் ஒருவர்தான். "டாக்டர் வீட்டம்மாவா?"

அந்தப் பெண் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பெயர் டோரதேயா.

"நாளைக்கு அவரோட பழைய பேராசிரியர் எங்க வீட்டுக்கு வர்றார். நான்தான் எழுதி வரச்சொன்னேன். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், குன்று மேல இருக்கற மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இவரே ஒருகாலத்துல டாக்டரா வேலை பாத்த இடம்தான்." குரல் தாழ்ந்தது. "மூணு பிள்ளைங்க இருக்காங்க. அறைக்குள்ள தனியாப் பேசறார். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவர் இங்க என்ன வாங்கறார்?"

பல வருடங்களாக ரெகுலாவிடம் யாரும் வண்ணத்தைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. இவளும் வண்ணத்தைத்தான் கேட்டாள். ரெகுலா கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லமாட்டேன். போன குளிர்காலம் பூரா கறுப்பும் சிவப்பும்தான். நானே பயந்தேன். இப்ப நீலமும் பச்சையும் கேக்கறார், கல்லை அரைச்ச பச்சை. அதை மெல்லிசாப் பூசணும், காயணும், அப்புறம்தான் மேல அடுத்த பூச்சு. ஒரே இலைக்கு ஒம்போது பூச்சு பூசினேன்னு வந்து சொன்னார்."

"அதனால?"

"புத்தி கலங்கினவன் காயவிட மாட்டான்ம்மா. ஈரத்து மேலயே தேச்சுடுவான். இந்தக் கடையில அப்படி ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் காத்துட்டு இருக்கார்."

வெளியே தகரக் கூரையில் மழை இரைந்தது.

"அந்தப் புத்தகத்தை நீங்க பாத்தீங்களா?"

"ஒரு பக்கம்தான்" என்றாள் ரெகுலா. "வெடிச்ச பக்கம்."

"நான் அதுகூடப் பாத்ததில்ல. கல்யாணமாகிப் பதினாலு வருஷம்."

டோரதேயா கையுறையை மாட்டிக்கொண்டாள். "தந்தி ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறு வரைக்கும்."

"பேராசிரியரை வரவேண்டாம்னு சொல்லிடறேன்." கதவு வரை போனவள் திரும்பினாள். "அந்தப் பச்சையை எனக்குக் காட்ட முடியுமா?"

ரெகுலா ஜாடியைத் திறந்து, ஒரு துளி பிசின் நீரில் குழைத்து, தடித்த தாளில் இலையகலம் பூசினாள். டோரதேயா தாளை இரண்டு கைகளாலும் வாங்கினாள். ஆறு மணியாக இன்னும் நேரமிருந்தது; போவதற்கு அவசரப்படவில்லை. சன்னலோரத்து முக்காலியில் உட்கார்ந்து, தாளை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"மழை நாள். காய நேரமாகும்" என்றாள் ரெகுலா.

"பரவால்ல."

ரெகுலா உள்ளே போய், தான் சாப்பிட உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.