கையால் பூசிய கூரை

கூரைக் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தபோதும் அக்கா பதறவில்லை. தூசியைத் தட்டிவிட்டு, கொத்தனாரான தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவன் சுத்தியலால் கூரையைத் தட்டினான். பாதி இடம் பிடிப்பு விட்டுப் பொத்தென்று ஒலித்தது.

"மாமா பூசினதா? பவுடர் அப்பின மாதிரி இருக்கு."

"கரண்டி பிடிக்கத் தெரியாது. சாகுற வரைக்கும் விரிசலைக் கையாலதான் பூசினார்."

"தண்ணி இறங்கி உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்குதுக்கா. மேல எவ்வளவு பூசினாலும் அது தள்ளிவிடும். கம்பி வரைக்கும் கொத்தி, துருவைச் சுரண்டிட்டுப் பூசினாத்தான் நிக்கும். மாடியில தண்ணியும் தேங்கக் கூடாது."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். மூலையில் கணவரின் விரல்கள் இழுத்த தடம் அப்படியே இருந்தது.

தம்பியும் பார்த்தான். "அந்த மூலையை மட்டும் விட்டுடவா?"

"விட்டா அதுவும் விழும்தானே. கொத்து" என்றபடி கட்டிலை வெளியே இழுத்தாள்.