நான் தள்ளி வைத்த ஆறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. முன்பு அது ரப்பர் தோட்டம். நான் ஈப்போவில் இருக்கிறேன். தோட்டங்களுக்கும் நில அளவை அலுவலகங்களுக்கும் வரைபட மென்பொருள் போட்டுக் கொடுப்பதும், கோளாறு வந்தால் சரி செய்வதும் என் வேலை.

அந்தத் தோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்கியிருந்தார்கள். மென்பொருளின் லைசென்சோ பழைய கம்ப்யூட்டரோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றித் தரச் சொல்லி, விற்ற கம்பெனிக்கு எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் மாலைதான் புது லைசென்ஸ் எண் வந்தது. மறுநாள் காலை மருந்தடிப்பு. களைக்கொல்லியை எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வரைபடம் அதற்குள் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோரின் டேப்லெட்டுக்குப் போயாக வேண்டும். அதை அனுப்புவதற்காக நான் எழுதி வைத்திருந்த சிறு நிரலும் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. அவசர அவசரமாகத் திரும்ப எழுதினேன். நடுவில் திரையில் ஒரு கேள்வி வந்தது. வரைபடம் பழைய அளவை முறையில் இருக்கிறது, புதிய முறைக்கு மாற்ற வேண்டுமா என்று. முழுதாகப் படிக்காமல் மூடிவிட்டேன்.

மறுநாள் எட்டரை மணிக்கு மண்டோர் போன் செய்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கீழே ஆறு வங்காளதேசத் தொழிலாளர்கள். தாங்கள் நிற்கும் இடத்தை டேப்லெட் பச்சையாகக் காட்டுகிறது, அதாவது அடிக்கலாம் என்கிறது, ஆனால் ஆறு இங்கேதான் ஓடுகிறது, குடியிருப்புக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பும் இங்கேதான் இருக்கிறது என்றார். நான் வேறொரு வேலையாகப் பத்து காஜா ஊரில் இருந்தேன். மரத்தடியில் ஜி.பி.எஸ். சிக்னல் அலையும், வரைபடம் சரிதான் என்றேன்.

“அண்ணே, உங்க மேப்புல ஆறு எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. நான் இப்ப அந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். அடிக்க விடமாட்டேன்லா.”

எனக்கு எரிச்சல் வந்தது. தோட்ட மேனேஜரைப் போனில் அழைத்து, வரைபடத்தில் தவறில்லை, அந்தம்மாவுக்கு டேப்லெட் பார்க்கத் தெரியவில்லை என்றேன். அவர் கேட்காமல் நானாகச் சொன்னது அது. அன்று முழுக்க வேலை நின்றது. மண்டோருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க முடிவானது.

அடுத்த நாள், நான் சொன்னதே சரி என்று காட்டத்தான் போனேன். மண்டோர் முன்னால் நடந்து வழிகாட்டினார். பம்புக் குழாய்க்குப் பக்கத்தில் சேற்றில் நின்றுகொண்டு டேப்லெட்டைப் பார்த்தேன். ஆறு கிழக்கே நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மரமே இல்லாத பாலத்தில் ஏறியும் பார்த்தேன். அங்கும் அதே தூரம். அப்போதுதான், படிக்காமல் மூடிய அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. பழைய அளவை முறையை மாற்றாமல் விட்டால் வரைபடத்தில் எல்லாமே அவ்வளவு தூரம் தள்ளிப்போய்விடும்.

அலுவலகத்தில் அதைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிக்னல் கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படித்தான் செய்ய நினைத்தேன். ஆனால் அலுவலகக் கணக்கெழுதும் கிராணி அந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பிரிண்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதில் கையெழுத்துப் போட வந்த மண்டோர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மேனேஜர் அறைக்குள் போய், தவறு என்னுடையது, அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் குடிநீரில் மருந்து கலந்திருக்கும் என்றேன். மேனேஜர் கிராணியைக் கூப்பிட்டு, கடிதம் வேண்டாம் என்றார். என்னைத் திட்டவில்லை. மற்ற வரைபடங்களையும் சரிபார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வெளியே வந்து மண்டோரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்லண்ணே. எம் பிள்ளைங்களும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுங்க. இல்லாட்டி நானும் நீங்க சொன்னதக் கேட்டு அடிக்கச் சொல்லியிருப்பேன்.”

அவர் குற்றம் சாட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது. இன்றும் யாராவது போன் செய்து வரைபடம் தவறு என்றால், அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்ற பதில்தான் முதலில் என் நாக்கு நுனிக்கு வருகிறது. அதை விழுங்கிவிட்டு, நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க மட்டும் பழகியிருக்கிறேன்.