பூமாலையை விட்டவள்

அரும்பாவூர் வெற்றிச்செல்வி கபடியில் மாநில அணிக்கு ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டம் நின்றுபோன பிறகு, கல்யாணமாகி அரியலூருக்கு வந்து, ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தாள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் வைத்திருந்த காசிநாதன், சம்பளம் கொடுத்து ஒரு பெண்கள் கபடி டீம் கட்டப்போகிறேன் என்று கிளம்பியபோது முதலில் அவள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"எனக்கு லாரிதாம்மா தெரியும், ஆட்டம் தெரியாது. யார எடுக்கணும், யார வுடணும், எல்லாத்தயும் நீயே பாத்துக்க."

கால் போன நாளிலிருந்து யாரும் அவளிடம் கபடியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு 'அரியலூர் வேங்கைகள்' டீமுக்கு மேனேஜர் ஆனாள்.

கோச்சாக வாலிகண்டபுரத்து அமாவாசை வந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஊர் ஊராகப் போய்த் திருவிழா ஆட்டங்களைப் பார்த்து ஆள் பிடித்துவருவார். அப்படித்தான் தா.பழூர் பக்கம் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பூமாலையை அழைத்துவந்தார். பூமாலை ரெய்டுக்குப் போனால் அவசரமே தெரியாது. கடைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி எதிராளிகளின் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவாள். அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தொடப்பட்டவளுக்கே விஷயம் தெரியும். பின்னால் நின்று எதிராளியின் காலைப் பிடிப்பதில் ஜெயசித்ராவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டாவது வருஷமே லீக் கோப்பை அரியலூருக்கு வந்துவிட்டது.

மறுநாள் பேப்பரில் பெரிய படம் போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து மாஸ்டரைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள். கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர் என்று அவரைப் பற்றித்தான் செய்தி முழுக்க. வெற்றிச்செல்வியின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. தெருவில் பார்த்தவர்களெல்லாம், "உங்க மாஸ்டரு கில்லாடிங்க" என்றார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. அதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்கு முன்னால் காசிநாதனிடம் போய், "மாஸ்டருக்கு வயசாயிடுச்சுங்க. இப்பல்லாம் ஆட்டமே வேற மாதிரி ஆயிடுச்சு" என்றாள். அவரும் சரி என்றார். சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஒரு கோச் வந்தார். இந்தச் சேதியை அமாவாசையிடம் நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் பெண்ணை விட்டுப் போனில் சொல்லச் சொன்னாள். தன் சாமான்களை எடுக்க வந்த மாஸ்டர் அவளிடம் சண்டை போடவில்லை.

"பூமாலைக்குக் கணுக்கால் நல்லால்லம்மா. அவசரப்படுத்திப்புடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துப் பூமாலையே நொண்டிக்கொண்டு ஆபீஸில் வந்து நின்றாள்.

"அக்கா, கால ஊனவே முடியல. இந்த ஒரு சீசன் உக்காந்துட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு."

"உக்கார வச்சு சோறு போட இது என்ன உங்க அப்பன் வூடா? நீ இல்லன்னா எனக்கு ஆளே கெடைக்காதா?"

பூமாலை டீம் பனியனை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். தன் முழங்கால் போனபோது இதே மாதிரி ஒரு ஆபீஸில் ஒரு ஆள் தன்னிடம் பேசியது வெற்றிச்செல்விக்கு ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தைத் தள்ளிவிட்டு யாருக்கோ போன் போட்டாள்.

பூமாலையின் இடத்துக்கு வடநாட்டிலிருந்து பேர்போன ஒரு ரெய்டரைப் பிடித்தாள். நேரில் போய்ப் பார்க்கவில்லை, ஏஜெண்டு போனில் அனுப்பிய வீடியோதான். அது மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் எடுத்த வீடியோ. வந்து இறங்கிய பெண்ணால் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. "ஏஜெண்டுகிட்ட முன்னாடியே சொன்னேனே" என்று அந்தப் பெண் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்லி அழுதாள். பூமாலையை விரட்டிய விதம் பிடிக்காமல் ஜெயசித்ரா வேறு டீமுக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் தங்கச்சி மகள் சத்யாவைப் போட்டாள் வெற்றிச்செல்வி. சத்யா காலேஜ் டீமில் ஆடியவள். அந்த அளவுக்குத்தான் ஆட்டம் வரும். அது வெற்றிச்செல்விக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தங்கச்சி வந்து கேட்டபோது, நம் வீட்டிலிருந்து ஒருத்தி வந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அந்த சீசனில் தோற்றார்கள், தோற்றார்கள், தோற்றுக்கொண்டே இருந்தார்கள். கோச் சரியில்லை என்று காசிநாதனிடம் சொல்லி, பாதியிலேயே லேப்டாப்காரரை ஊருக்கு அனுப்பினாள். அப்புறமும் தோற்றார்கள். இனிமேல் பழியைப் போட ஆள் இல்லை.

அடுத்த சீசனில் பெரம்பலூர் டீமோடு ஆட்டம். அந்த டீமில் பூமாலை இருந்தாள். அரியலூர் விட்டதும் அவர்கள் எடுத்துக்கொண்டு, கால் ஆறுகிற வரைக்கும் ஒரு வருஷம் முழுக்க உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்கால ஆட்டம். அரங்கம் நிறைந்து, அரியலூரிலிருந்தும் வேன் வேனாக வந்திருந்தார்கள்.

பூமாலை நடையில் கணுக்காலில் அடிபட்ட சுவடே இல்லை. ஒவ்வொரு ரெய்டிலும் ஒருத்தியையோ இரண்டு பேரையோ தொட்டுவிட்டு வந்தாள். அரியலூர்ப் பக்கம் ஒவ்வொருத்தியாக வெளியே போய், கடைசியில் களத்தில் சத்யா மட்டும் நின்றாள். அவளையும் தொட்டால் ஆல் அவுட். பூமாலை கோட்டைத் தாண்டி வந்தாள். அந்த இடத்தில் கையால் தொடாமல் ஒரு உதை விட்டு அவுட்டாக்கினால் கூட்டம் எழுந்து ஆடும். எந்த ரெய்டராக இருந்தாலும் உதைத்திருப்பாள். பூமாலை கையை நீட்டிச் சத்யாவின் தோளை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். சத்யா அசையவே இல்லை.

"மேனேஜரு தங்கச்சி மவடா அது!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. அரியலூரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வெற்றிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

திரும்பி வரும்போது வேனில் சத்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, எனக்கு இது வராதுன்னு உங்களுக்குத் தெரியுந்தான?"

வெற்றிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பூமாலை அக்கா என்னத் தேடி வந்தாங்க. எங்கயாவது வலிக்குதாம்மான்னு கேட்டாங்க. நம்ம டீமுல ஒருத்தர்கூட கேக்கல பெரியம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிச்செல்வி தா.பழூருக்கு பஸ் ஏறினாள். பூமாலை லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று விசாரித்துவைத்திருந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் பூமாலை ஒரு நொடி திகைத்துவிட்டு, "வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெற்றிச்செல்வி சொன்னாள்:

"நான் தப்பு பண்ணிட்டேன் பூமாலை."

"வுடுங்கக்கா. டீம் மார்றது எல்லாருக்கும் நடக்கறதுதான்." பூமாலை கொஞ்சம் தயங்கினாள். "ஆனா, கால் எப்புடி இருக்குன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாங்க்கா. உங்களுக்கும் கால் போனதுதான? வேற யாரும் கேக்காட்டியும் நீங்க கேப்பீங்கன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. "என்னத் திரும்பக் கூப்புடத்தான் வந்தீங்களா?" என்று பூமாலை கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். பையில் வேங்கைகள் டீமின் புது பனியன் ஒன்று இருந்தது.

"ஆமா" என்றாள்.

"வர மாட்டேங்க்கா. அவங்க எனக்காகக் காத்திருந்தாங்க."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்று வெற்றிச்செல்விக்கு இருந்தது. பூமாலை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் வெற்றிச்செல்வி காசிநாதனின் லாரி ஷெட்டுக்குப் போனாள். அவர் டயர் மாற்றுகிறவனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் போனதும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டரை ஏன் அனுப்பினாள் என்பதையும், அந்தப் பேப்பர் படத்தையும், பூமாலையிடம் சொன்ன வார்த்தையையும் விடவில்லை. சென்னைக் கோச் மேல் போட்ட பழி பொய் என்பதையும் சொன்னாள்.

காசிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி எனக்கு அப்பவே தெரியும்மா. தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கலன்னுதான் நானும் யோசிக்கிறேன். ஜெயிச்சப்ப மால போட்டுக்க மட்டும் முன்னாடி வந்து நின்னேன்."

"நான் வெலகிக்கிறேங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்தது சுருக்கென்றது.

போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். வாலிகண்டபுரத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அமாவாசையைப் போய்ப் பார்த்து, திரும்ப வரச் சொல்லிக் கேட்டாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்தப் புள்ளைங்களுக்காக வரேன். உன் பேச்ச நம்பி இல்ல."

"சரிங்க மாஸ்டர்" என்றாள்.

டீம் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. கடைசி இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். சத்யா ஆட்டத்தை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்துவிட்டாள், பெரியம்மா வீட்டுக்கு முன்போல் வருவதில்லை. வெற்றிச்செல்வி வேறொரு பள்ளியில் பி.டி. டீச்சராகப் போய்க்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் யாராவது விழுந்து எழுந்தால், ஒன்றுமில்லை டீச்சர் என்று அவர்கள் சொன்னாலும் விடாமல் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறாள். வேங்கைகளின் ஆட்டம் இருக்கும் நாட்களில் டிக்கெட் எடுத்துக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து வந்துவிடுவாள்.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் அவளை உற்று உற்றுப் பார்த்தார். பக்கத்தில் வந்து, "நீங்க வேங்கை டீமு மேனேஜரா இருந்தவங்கதான? ஏங்க, அந்தப் பூமாலைய எதுக்குங்க வுட்டீங்க? எங்க ஊரு பசங்கல்லாம் இன்னும் அதத்தான் பேசிக்கிட்டிருக்கானுவ" என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவளிடம் காரணங்கள் தயாராக இருக்கும். கணுக்கால், டாக்டர், விதிமுறை என்று அடுக்குவாள்.

"என் தப்புதாங்க. எனக்குப் பெரும புடிச்சுப்போச்சு, அதான் வுட்டேன்" என்றாள்.

அந்த ஆள், கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரியலூர் பஸ் வந்ததும் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார். வெற்றிச்செல்வி ஏறி, உட்கார இடம் இல்லாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தது.