அலாரம் சோதனை: தவிர்க்கப்பட்டது

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். அன்று நான் பிடுங்கிய இணைய வயரின் முனை இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. நடந்தது பட்டப்பகலில். வாசல் கதவுகூடத் திறந்திருந்தது.

பக்கத்து அறையில் அத்தை மூச்சு இயந்திரத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு நின்றால் அதில் அலாரம் அடிக்க வேண்டும். அதற்கான மென்பொருள் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொதுச்சொத்து. அதைப் பராமரித்தவர் திடீரென்று பதில் போடுவதை நிறுத்திவிட்டார். அத்தையின் இயந்திரத்தில் ஓடியது அவர் தயாரித்த பழைய பதிப்பு. புதியதைத் தயாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன்.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனாத்தான் அம்மா மெஷின்ல ஏத்தணும்" என்றார் கணவர்.

"உங்கம்மா டாக்டர்கிட்டயே பெருமையடிச்சாச்சுங்க. இனிமே மருமக புண்ணியத்துலதான் மூச்சு விடுவேன்னு."

சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினார்.

சோதனைகளை ஓடவிட்டேன். எல்லாம் தேறின. ஒன்று மட்டும் தவிர்க்கப்பட்டிருந்தது. அலாரம் சோதனை. தவிர்த்தால் காரணம் எழுதுவது எங்கள் வழக்கம். 'பிறகு பார்க்கலாம்' என்று இருந்தது.

இதையா பிறகு பார்ப்பது? தவிர்க்கச் சொல்லும் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

தவிர்க்கப்பட்டது. காரணம்: 'தொடாதே.'

கோப்பைத் திறந்தேன். அழித்த வரி அதே இடத்தில் இருந்தது. யாரோ இணையம் வழியாக விளையாடுகிறார்கள்... வயரைப் பிடுங்கி எறிந்தேன். வரியை அழித்து ஓடவிட்டேன். கண் எடுக்காமல் பார்த்தேன்.

காரணம்: 'சொன்னால் கேட்கமாட்டாயா?'

மறுபடி அழித்தேன்.

காரணம்: 'கிழவி தூங்கட்டும்.'

அப்போதுதான் உறைத்தது. பக்கத்து அறையிலிருந்து வரும் உஸ்... உஸ்... மாறியிருந்தது. ஒரே சீறலாக... உஸ்ஸ்ஸ்...

ஓடினேன்.

குழாய் கழன்று கிடந்தது. உதடு நீலம். திரையில் மூச்சு பூஜ்ஜியம்.

அலாரம் அடிக்கவில்லை.

குழாயைப் பொருத்தினேன். உலுக்கினேன்.

"அத்தை... அத்தை..."

ஒரு பெரிய இழுப்பு. கண் திறந்தார்.

"நீயாம்மா..." என்றார். "அப்ப தலைமாட்டுல நின்னானே... அவன் யாரு?"

எங்கள் வேலையில் ஒவ்வொரு திருத்தத்திலும் செய்தவரின் மின்முத்திரை விழும். அன்று திரும்பத் திரும்ப வந்த வரிகளில் இருந்தது பழைய பராமரிப்பாளருடையது. அந்த முத்திரையை அவருடைய லேப்டாப்பிலிருந்து மட்டுமே போட முடியும். அவர் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மனைவிதான் எடுத்தார்.

அவரும் மூச்சு இயந்திரத்தில் இருந்தவராம். அலாரம் அடிக்காமலே தூக்கத்தில் போய்விட்டாராம். போன வருடம்.

"அவர் லேப்டாப் இப்ப யார்கிட்ட இருக்குங்க?"

"யார்கிட்டயும் இல்லம்மா. உசுரா வச்சிருந்தாரேன்னு... அவரோடயே புதைச்சிட்டோம்."